கேளாத கேள்விக்குப் பதில்

பழைய பொருளை விற்கிறவன் அதிலுள்ள குறையை வாங்குகிறவனிடம் சொல்லத்தான் வேண்டுமா? பத்துப் பேர் கூடியிருக்கிற இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் உடனே, 'அதிலென்ன சந்தேகம், சொல்லத்தான் வேண்டும்' என்பார்கள். பத்தாவது ஆசாமி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அவர் வீட்டு வாசலில் விற்பதற்கு ஒரு பழைய கார் நிற்கிறது என்று அர்த்தம்.

மனிதர்களின் நல்லது கெட்டதுகளைப் பற்றிக் கதை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், இம்மாதிரிப் பஞ்சாயத்துகள் அவ்வப்போது என்னிடம் வந்து சேருகின்றன. கதையில் ஒரு பாத்திரத்தை யோக்கியனாக்குவதற்கு எனக்கு அரைப் பக்கம் போதும். செலவும் கிடையாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற உயிருள்ள மனிதரைப் பார்த்து, 'நீங்கள் ஐம்பதாயிரம் ரூபாயை இழந்து யோக்கியராக இருங்கள்' என்று சொல்வதற்குக் கொஞ்சம் நாக்கு கூசத்தான் செய்கிறது. ஐம்பதாயிரம் அவருடையது, தீர்ப்பு மட்டுமே என்னுடையது.

அந்த மனிதர் களம்பூர்க்காரர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆரணி என்றால் பட்டு என்றும், களம்பூர் என்றால் அரிசி என்றும் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ரயிலில் ஆரணிக்குப் போகிறவர்கள் இறங்குகிற 'ஆரணி ரோடு' ஸ்டேஷன் களம்பூரில்தான் இருக்கிறது. நெல் அவிக்கிற வாசனை ஒரு தெருவில் வரும்; அடுத்த தெருவில் தறிச் சத்தம் கேட்கும். தலைமையாசிரியர் வீடு ஓர் அரிசி ஆலையை ஒட்டினாற்போல் இருக்கிறது. ஆலைச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஓர் அம்பாசிடர் கார். உத்தரபாராவில் அந்தக் காரைத் தயாரிப்பதையே 2014-இல் நிறுத்திவிட்டார்கள். நண்பர் மட்டும் தம்முடையதை நிறுத்தவில்லை. சென்னையில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி, பன்னிரண்டு வருஷம் ஓட்டினார். வாரத்துக்கு ஒரு முறை தம் கையாலேயே கழுவித் துடைப்பார். கண்ணில் புரை விழுந்து, முழங்காலும் வலிக்கத் தொடங்கியபிறகு, 'போதும், விற்றுவிடலாம்' என்ற முடிவுக்கு வந்தார்.

வாங்க வந்தவர் அவரிடம் படித்த பழைய மாணவர். இப்போது ஆரணியில் பட்டு நெசவு செய்கிறார். முப்பது வயதுக்குள் இருக்கும். தகப்பனாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு இரண்டு நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வர வேண்டும். பஸ்ஸில் முடியவில்லை, வாடகைக் காருக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். ஸீட்டைத் தடவிப் பார்த்தார். இன்ஜினைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஐம்பதாயிரம் என்று பேச்சு முடிந்தது. "உங்க வண்டி சார், பாக்கணுமா என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பணம் வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்துவிடுவோம் என்று நண்பர் வண்டியைப் போளூர் ரோட்டில் இருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போயிருந்தேன். வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு மேஸ்திரி கீழே இறங்கினார். கையில் ஒரு ஸ்குரூ டிரைவர். அடிப்பக்கம் முழுவதும் கறுகறுவென்று தார் பூசியிருந்தது. தட்டிக்கொண்டே வந்த மேஸ்திரி ஓரிடத்தில் சத்தம் மாறுவதைக் கவனித்து லேசாகக் குத்தினார். ஊறின அப்பளத்தில் விரல் இறங்குவதுபோல் ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கிவிட்டது. மேலே காருக்குள் தேங்காய் நார் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், அதன் முனை தரையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விரிப்புக்கும் தாருக்கும் நடுவே இரும்பு என்று சொல்லிக்கொள்ள அதிகமாக ஒன்றுமில்லை.

"இது நான் அடிச்ச தார் இல்லீங்க. நீங்க மெட்ராஸ்லேருந்து வாங்கினு வரச்சொல்லவே இருந்துது" என்றார் மேஸ்திரி. பிறகு இரண்டு யோசனை சொன்னார். "அழுகினதை அறுத்துட்டுப் புதுத் தகரம் வெச்சு வெல்டிங் அடிக்கணும்னா நாப்பதாயிரம் ஆவும். இல்லாட்டி, இன்னொரு கோட்டு தார் அடிச்சு உட்டுடலாம். ரெண்டு வருஷத்துக்கு எவனுக்கும் தெரியாது."

இந்த இடத்தில் மோட்டார் சாஸ்திரம் கொஞ்சம் சொன்னால்தான் விஷயத்தின் கனம் புரியும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் கீழே 'சேஸ்' என்கிற கனத்த இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல்தான் உடல் உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குக்கூட அப்படித் தனிச் சட்டம் இருந்தது. அம்பாசிடர் அந்த ரகம் அல்ல. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்த அதற்கு முதுகெலும்பு என்று தனியாக எதுவும் கிடையாது. தகரத்தை மடித்துக் கூடுகூடாக ஒட்டவைத்து, தரையும் பக்கமும் சேர்ந்தே பாரத்தைத் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். இன்றைய சிறு கார்களும் அப்படித்தான். ஆகையால் தரை அழுகினால் தரையோடு போகிற சங்கதி அல்ல அது. பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகள் அந்தத் தரையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது பிடிப்பு விட்டால், வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

துரு உண்டாவதற்கு ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். சென்னையில் கடற்காற்று அதைச் செய்துவிடும். களம்பூரில் கடல் இல்லை. ஆனால் ஆலையின் உமித்தூசி இருந்தது. கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடுகிற ரன்னிங் போர்டு வெளியே கெட்டி இரும்பாகத் தெரியும், உள்ளே வெறுங்கூடு. புகுந்த தண்ணீர் வடிவதற்கு அடியில் சிறு துவாரங்கள் வைத்திருப்பார்கள். அவை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே குடியிருக்கும். வாரந்தோறும் நண்பர் அத்தனை ஆசையாகக் கழுவினாரே, அந்தத் தண்ணீரிலும் ஒரு பங்கு அங்கே போய்த் தங்கியிருக்கும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது. வெளிப் பெயிண்டில் ஒரு சிறு கொப்புளம் கண்ணில் படுகிற நாளில் உள்ளே பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும்.

செம்பின்மேல் ஏறும் களிம்பும், அலுமினியத்தின்மேல் படியும் மெல்லிய ஏடும் அடியிலிருக்கிற உலோகத்துக்குக் காவலாக நிற்கின்றன. இரும்பின் துருவுக்கு அந்த விசுவாசம் இல்லை. ஊதி, உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமான இரும்பில் பூசிய தார் அதைக் காப்பாற்றும். துருவின்மேல் பூசினாலோ, உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. வெடிப்பு வழியாகப் புகுகிற புது ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மேஸ்திரி சொன்ன இரண்டாவது யோசனையின் உண்மையான பொருள் இதுதான். குறையை அப்படியே விட்டுவிட்டு மௌனமாக இருப்பதுகூட அல்ல; குறையை வளர்த்துக்கொண்டே அதை மறைப்பது.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நண்பர் வாதாடினார். என்னோடு அல்ல, தம்மோடுதான் என்று எனக்குத் தோன்றியது. "எனக்கு வித்தவன் என்கிட்ட சொன்னானா? இல்லை. இந்தப் பிள்ளை என்னைக் கேட்டானா? அதுவும் இல்லை. முப்பது வருஷத்து வண்டி புதுசு மாதிரி இருக்கும்னு யாராவது நினைப்பாங்களா? விலையே அதுக்குத் தகுந்த மாதிரிதானே பேசியிருக்கேன்? நீங்களே சொல்லுங்க."

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக, பெரிய மூளைகளெல்லாம் இதைத்தான் வாதாடிவந்திருக்கின்றன. கி.மு. 44-இல் ரோமாபுரியின் சிசரோ தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. அறைகளில் விஷ ஜந்துக்கள். மரமெல்லாம் உளுத்து இடிந்துவிழுகிற நிலை. சொந்தக்காரனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. சொல்லாமல் விற்கலாமா? பாபிலோன் ஊர் டயோஜெனிஸ் (பீப்பாயில் குடியிருந்தவர் வேறு, இவர் வேறு) விற்கலாம் என்கிறார். பொய் சொல்லாதவரைக்கும், சட்டம் கேட்கிறதைச் சொன்னவரைக்கும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்வது வாங்குகிறவன் பாடு. உன்னை வாங்கச்சொல்லி யார் வற்புறுத்தினார்கள்? அவருடைய சீடரான ஆண்டிபேட்டர் அதை ஒப்பவில்லை. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு குழியில் விழப்போவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருப்பது வழி தப்பினவனுக்கு வழி சொல்லாததைவிட மோசம் என்பது அவர் கட்சி. சிசரோ கடைசியில் சீடரின் பக்கம் சாய்கிறார். நமக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாமலிருந்தால் நமக்கு லாபம் என்று ஆசைப்படுகிற அந்த இடத்தில், மௌனம் மறைப்பாக மாறிவிடுகிறது என்பது அவருடைய கணக்கு.

நம் நாட்டுச் சட்டமும் இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டதுதான். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் ஒரு குதிரை வருகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், ஒன்றும் பேசவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த வரியிலேயே அதற்கு மனம் கேட்கவில்லைபோல் இருக்கிறது. வாங்குகிறவள் அப்போதுதான் வயதுக்கு உரிமை பெற்ற அவன் மகளாக இருந்தால், சொல்லியே தீர வேண்டும். இன்னொன்று: 'நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குகிறவன் சொல்லி, விற்கிறவன் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். அதே பிரிவு, தெரிந்த குறையை முனைந்து மறைப்பதை மோசடியிலேயே சேர்த்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து, 1882-இல் வந்த சொத்து மாற்றுச் சட்டம் வீட்டுக்கும் நிலத்துக்கும் இன்னும் கண்டிப்பானது. சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்து, அது விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அவராகவே சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு நியாயம், குதிரைக்கு ஒரு நியாயம். கார் குதிரையின் வம்சத்தில் சேர்ந்துவிட்டது!

என் நண்பரைச் சட்டப்படி பார்த்தாலே இரண்டாவது கோட்டுத் தார் குற்றம். தார் அடிக்காமல் வெறுமனே வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்பதுதான் நிஜமான கேள்வி. மகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால், மாணவனுக்கு? 'உங்க வண்டி சார், பாக்கணுமா என்ன?' என்ற வார்த்தை, 'நீ மறுக்காவிட்டால் நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்பதிலிருந்து எவ்வளவு தூரம்? எனக்கு ஒரு சாண் தூரம்கூடத் தெரியவில்லை.

அந்த நெசவாளரைப் பற்றி நான் மிகவும் யோசித்தது வேறொன்று. ஒரு பட்டுச் சேலையை அவர் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வார்? புரட்டிப் பார்ப்பார். கரையின் உட்பக்கத்தைப் பார்ப்பார். ஜரிகையை நகத்தால் நெருடுவார். இழை விட்டிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவார். முகப்பை மட்டும் பார்த்து மதிப்புப் போடுகிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. தினமும் குழித்தறியில் காலைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு உட்காருகிற மனிதர், ஒரு காரின் அடியில் இருக்கிற பள்ளத்தில் இறங்கிப் பார்க்க நினைக்கவில்லை. அவர் ஏமாளி என்று சொல்லிவிடலாமா? சொந்தத் தொழிலில் மறுபக்கம் பார்க்கத் தெரிந்த எல்லோரும் மற்றவர் தொழிலில் முகப்பை நம்பித்தான் வாழ்கிறோம். டாக்டர் எழுதித் தருகிற மருந்தை நான் விழுங்குகிறேன். கொத்தனார் எழுப்பின சுவருக்கு அடியில் அந்த டாக்டர் தூங்குகிறார். எல்லாரும் எல்லாவற்றையும் குத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றால், ஒருவரும் ஒன்றும் வாங்க முடியாது. 'கேட்டிருக்கலாமே' என்று சொல்கிறவர், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே ஒரு படிப்பு என்பதை மறந்துவிடுகிறார்.

'எனக்கு விற்றவன் சொல்லவில்லையே' என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. கடையில் யாரோ கொடுத்த கள்ள நோட்டு நம் பையில் வந்துவிடுகிறது. வாங்கும்போது நாம் நிரபராதி. கள்ள நோட்டு என்று தெரிந்தபிறகு அதை இன்னொரு கடையில் மாற்றினால் நாம் குற்றவாளி. நஷ்டம் அநியாயமானதுதான், அதைப் பண்ணினவன் எங்கேயோ சுகமாக இருக்கிறான். ஆனாலும் கை மாறி வந்த பொய் தெரிந்தவன் கையில் நின்றாக வேண்டும். வேறெங்கே நிற்கும்? சென்னையில் தார் பூசினவனை நினைத்து நண்பர் எத்தனை கொதித்தாலும், களம்பூரில் தார் பூசினால் அவனுக்கும் இவருக்கும் வித்தியாசம் ஊர்ப் பெயர்தான்.

இதை நான் சொன்னதும் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: "அப்போ பட்டறைக்குப் போகாமலே வித்திருந்தா நான் யோக்கியன். போனதாலே மாட்டிக்கிட்டேன், இல்லே?"

வாயடைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். இந்த விஷயத்தில் உள்ள முள் அதுதான். உண்மையின் விலையை எப்போதும் பார்க்கிறவன்தான் கொடுக்கிறான். பார்க்காதவனுக்குச் செலவில்லை. ஆகையால் பார்க்காமலிருப்பது ஒரு சாமர்த்தியமாகவே ஆகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அதற்குப் பிறகு பழைய கார் விற்ற எத்தனை பேர், 'அப்போது இது எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது' என்று மனப்பூர்வமாகச் சொல்லியிருப்பார்கள்! தெரியாது என்பது வாஸ்தவமாகவே இருக்கலாம். தெரிந்துகொள்ளாமலிருக்க எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார்கள் என்பதுதான் வேறு விஷயம்.

நிஜமாகவே பார்க்க முடியாத துருவும் உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ நதியின்மேல் 1928-இல் கட்டிய 'சில்வர் பிரிட்ஜ்' என்ற தொங்கு பாலம், 1967 டிசம்பர் 15 அன்று மாலை வாகனங்களோடு நதியில் விழுந்தது. நாற்பத்தாறு பேர் இறந்தார்கள். ஓர் இரும்புக் கண்ணியின் உள்விளிம்பில் அரிப்பால் வளர்ந்த மிகச் சிறு விரிசல். மூட்டைக் கழற்றினாலொழிய யார் கண்ணுக்கும் தெரியாத இடம். அதைப் பார்க்காத மனிதர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விபத்துக்குப் பிறகுதான், அந்த நாட்டில் பாலங்களைக் குறித்த காலத்தில் சோதித்தே ஆக வேண்டுமென்று ஏற்பாடு செய்தார்கள். தெரியவில்லை என்ற சமாதானத்தோடு நின்றுவிடவில்லை.

நம்முடைய பாம்பன் பாலத்தை இதற்கு எதிராக வைத்துப் பார்க்கிறேன். 1914-இல் திறந்தது. சுற்றிலும் உப்பு நீர், உப்புக் காற்று. துருவோடுதான் அதற்கு ஆயுள் முழுதும் சண்டை. யாரும் அதை ஒளிக்கவில்லை. சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் தகடு மாற்றுவதுமாகவே நூறு வருஷத்துக்குமேல் ரயிலை ஓட்டினார்கள். 2022 டிசம்பரில், இனி முடியாது என்று ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. அந்தக் கிழட்டுப் பாலத்தின் துருவைப் பார்த்து யாராவது வெட்கப்பட்டார்களா? துருப்பிடிப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. இரும்பு பூமியிலிருந்து எடுக்கும்போது இருந்த நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

நண்பருக்கு நான் பதில் சொல்லவில்லையே தவிர, எனக்குள் ஒரு பதில் இருந்தது. பட்டறைக்குப் போகாமல் விற்றிருந்தால் அவரை யாரும் அயோக்கியர் என்று சொல்லியிருக்க முடியாது, உண்மைதான். ஆனால் காரின் பின்ஸீட்டில் ஒரு நோயாளி வேலூருக்குப் போய்க்கொண்டிருப்பார். ஸ்பிரிங் பட்டை பிடிப்பு விடுகிற நேரத்தில் சாலையோரம் நடந்து போகிறவர் இந்தக் காரை விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. விலை பேசி முடித்த இரண்டு பேருக்கு இடையிலுள்ள விவகாரமாக மட்டும் இதைப் பார்க்கிறவரை, டயோஜெனிஸுக்கு ஒரு கட்சி இருக்கிறது. ரோட்டையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்குக் கட்சியே இல்லை.

மறுநாள் காலை நண்பர் அந்த இளைஞருக்கு டெலிபோன் செய்து வரவழைத்தார். நேரே பட்டறைக்கு அழைத்துப்போய்ப் பள்ளத்தில் இறங்கச் சொன்னார். "பாருப்பா. இந்த ஓட்டை எனக்கே நேத்துதான் தெரியும். சரிபண்ண நாப்பதாயிரம். வேணும்னா பத்தாயிரத்துக்கு எடுத்துக்கோ, சரிபண்ணி ஓட்டு. சரிபண்ணாம ஓட்டுறதா இருந்தா நான் தரமாட்டேன்." இளைஞர் கொஞ்ச நேரம் ஸ்குரூ டிரைவரை அந்த ஓட்டையில் விட்டு விட்டு எடுத்தார். "அவ்வளவு நாள் வண்டி பட்டறையிலே நின்னா அப்பாவை யாரு சார் கூட்டினு போறது?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயந்தான். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே அவர் வேலூரில் பழைய கார் விற்கிற ஓரிடத்தில் ஒரு சின்னக் காரை வாங்கிவிட்டார். பாதிப் பணம் கடன். நண்பரின் அம்பாசிடரை யாரும் கேட்டு வரவில்லை. மூன்று மாதம் கழித்து, ஆர்.சி.யை ரத்துசெய்துவிட்டு எடைக்குப் போட்டார். இரும்பு விலைக்கு வந்த பணத்தில் கண் ஆபரேஷனுக்குப் பாதிகூடத் தேறவில்லை என்று என்னிடம் சொன்னபோது, குரலில் ஒரு கசப்பு இருந்தது. நான் அதைத் தேற்ற முயலவில்லை.

போன மாதம் அவர் பேசும்போது இன்னொரு செய்தி சொன்னார். அந்த இளைஞர் தம் புதுப் பழைய காரை ஓட்டிக்கொண்டு போளூர் ரோட்டுப் பட்டறைக்கு வந்தாராம். பள்ளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஏற்றுவதா வேண்டாமா என்று அரைமணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே வந்து வண்டியை ஏற்றினாராம். வலது பக்கம் சரியாக இருந்தது. இடது பக்கம் ஒரு முழத்துக்குத் தகரம் மாற்ற வேண்டும், ஆறாயிரம் ஆகும், இரண்டு நாள் வண்டி நிற்கும் என்றாராம் மேஸ்திரி. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை ராத்திரிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனாராம்.